நான்கு சதவீத முதலாளி

என் கட்சிக்காரர் பல்லடம் பக்கம் நூற்பாலை நடத்துபவர். 2024 தொடக்கத்தில் மின் விநியோக நிறுவனத்திடமிருந்து அவருக்கு வந்த கடிதம் இரண்டே பக்கம்தான். 2020–21 நிதியாண்டில் அவர் காற்றாலை நிறுவனம் ஒன்றிடமிருந்து வாங்கிய மின்சாரம் கேப்டிவ் தகுதியை இழந்துவிட்டதாம். அந்த ஆண்டு எடுத்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் கட்ட வேண்டுமாம். கேட்டிருந்த தொகை, அந்த ஆண்டு அவர் கரண்ட் பில்லில் மிச்சம் பிடித்ததைவிட அதிகம்.

"காத்துல சுத்துன கரண்டுதானுங்களே தம்பி. மூணு வருசம் கழிச்சு அது வேற கரண்டுன்னு சொல்றாங்களா?" என்று கேட்டார். கோபத்தைவிடத் திகைப்புதான் குரலில் இருந்தது.

அதே கரண்ட்தான். அதே காற்றாலை, அதே கம்பி, அதே மீட்டர். மாறியது அந்த மின்சாரத்தின் சட்டப் பெயர். சொந்த மின்சாரம் என்றால் ஒரு விலை, விலைக்கு வாங்கிய மின்சாரம் என்றால் இன்னொரு விலை. நம் ஊர்ப் பசுமை மின்சந்தையின் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் வளர்ந்தது என்பது என் எண்ணம். அதனால்தான் இந்தத் துறையில் வக்கீல்களுக்குப் பஞ்சமில்லாமல் வேலை இருக்கிறது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை பல்லடம், உடுமலைப் பக்கம் அடிக்கும். வசதியுள்ள மில்காரர்கள் முன்பே சொந்தக் காற்றாலை போட்டுவிட்டார்கள். வருமான வரிக் கணக்கில் போட்ட பணத்தின் பெரும்பகுதியை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்பது அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் காரணம். 80 சதவீதமாக இருந்த அந்தச் சலுகை 2012-இல் நின்றது, 2014-இல் திரும்பி வந்தது, 2017 ஏப்ரலில் 40 ஆகச் சுருங்கியது. என் கட்சிக்காரர் அந்த வண்டியில் ஏறவில்லை. லாபத்தையெல்லாம் ஸ்பிண்டிலிலேயே போட்டவர். தாமதமாக அவருக்குக் கிடைத்த வழி குரூப் கேப்டிவ்.

அது என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே தமிழ்நாட்டில் விவசாய பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இதில் விழும் பள்ளத்தில் ஒரு பகுதியை அரசின் மானியம் நிரப்பும், இன்னொரு பகுதியைத் தொழிற்சாலைகள் தரும் கூடுதல் விலை நிரப்பும். உயர் அழுத்த ஆலைகளுக்கு 2014 டிசம்பரிலிருந்து 2022 செப்டம்பர் வரை யூனிட் 6 ரூபாய் 35 காசு. இந்த ஆலைகள் வெளியே வேறொருவரிடம் மின்சாரம் வாங்கப் போனால் பள்ளத்தை நிரப்ப ஆள் குறையும். அதற்கு ஈடாக வாங்குவதுதான் சர்சார்ஜ். மின்சாரச் சட்டம் 2003-இன் 42(2)ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் ஒருவர் தன் உபயோகத்துக்குத் தானே மின் நிலையம் வைத்து, அந்த மின்சாரத்தைத் தன் ஆலைக்குக் கொண்டுபோனால் சர்சார்ஜ் கிடையாது என்று அதே பிரிவு சொல்கிறது.

தானே வைத்திருக்கிறார் என்பதை எப்படித் தீர்மானிப்பது? 2005 ஜூன் 8-இல் வந்த மின்சார விதிகளில் 3ஆம் விதி அதற்கு ஓர் அளவுகோல் வைத்தது. பயன்படுத்துகிறவர்கள் கையில் குறைந்தது 26 சதவீத உரிமை இருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்கள் பயன்படுத்த வேண்டும். உரிமையாளர் ஒருவர்தான் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. பத்து மில்கள் சேர்ந்தும் 26 சதவீதம் வைக்கலாம். காற்றாலை நிறுவனங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. 10 ரூபாய் முகமதிப்பில் பங்கு கொடுப்பார்கள், விலகும்போது அதே 10 ரூபாய்க்குத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். லாபப் பங்கு கிடையாது. கிடைப்பது, மின்வாரிய விலையைவிடக் குறைந்த விலையில் காற்று மின்சாரம்.

கட்சிக்காரர் பங்குப் பத்திரத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மகள் கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்து வைத்திருந்தார். நிறுவனத்தின் மொத்தப் பங்கில் 4 சதவீதம். "இதுல எனக்கு என்னங்க உரிமை இருக்குது? ஒரு மீட்டிங்குக்குக்கூடக் கூப்பிட்டதில்லீங்களே" என்றார். கூப்பிட்டிருந்தார்கள். ஆண்டுதோறும் பொதுக்குழு அறிவிப்பு மின்னஞ்சலில் போயிருந்தது. திறந்து பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, அவர் வர வேண்டும் என்று அவர்களும் நினைக்கவில்லை.

விதி அதோடு நிற்கவில்லை. பலர் கூட்டாக உரிமை வைத்திருந்தால், ஒவ்வொருவரும் தங்கள் உரிமையின் விகிதத்துக்கேற்பப் பயன்படுத்த வேண்டும், 10 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்கிறது. 51-ஐ 26-ஆல் வகுத்தால் 1.96. அதாவது ஒரு சதவீதப் பங்குக்கு உற்பத்தியில் 1.96 சதவீதம். இவருடைய 4 சதவீதத்துக்கு 7.85 சதவீதம் வரும், சலுகையைக் கழித்தால் 7.06-க்குக் கீழே போகக் கூடாது. 2020–21-இல் இவர் எடுத்தது 5-ஐக்கூடத் தொடவில்லை.

அது கொரோனா ஆண்டு. மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் மில் நின்றது. ஒடிசா, பீகார்ப் பையன்கள் மே மாதம் சிறப்பு ரயில்களில் ஊருக்குப் போய்விட்டார்கள். ஜூனில் திறக்க அனுமதி இருந்தும் ஒரு ஷிஃப்ட் ஓட்டவே ஆள் இல்லை. வெளியே காற்று அமோகமாக அடித்துக்கொண்டிருந்தது. பழைய காற்றாலைகளுக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை பேங்கிங் உண்டு. காற்றுக் காலத்தில் எடுக்காத யூனிட்டைக் கணக்கில் வைத்துக்கொண்டு பிறகு எடுக்கலாம். இவர் பங்கை அப்படி வைத்திருந்தால் அக்டோபருக்குப் பிறகு முழு மூச்சில் ஓடியபோது விகிதம் சரியாகியிருக்கும். ஆனால் பேங்க்கில் கிடக்கும் யூனிட்டுக்கு நிறுவனம் பில் போட முடியாது. ஆண்டு முடிவில் மிஞ்சினால் நிர்ணயித்த விலையில் 75 சதவீதம்தான் வரும், அதுவும் எப்போது வரும் என்று காத்துக்கிடக்க வேண்டும். கூட்டுப் பங்குதாரர்களில் இன்னொருவர், உணவு பதனிடும் தொழிற்சாலை. ஊரடங்கிலும் ஓடியது. இவருடைய யூனிட்டுகள் அங்கே போய்விட்டன.

நிறுவனம் தன்னிச்சையாகச் செய்யவில்லை என்பதுதான் சிக்கல். 2020 மே மாதம் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. தற்போதைய சூழ்நிலையில் தங்கள் ஒதுக்கீட்டை மற்றப் பயனாளிகளுக்குத் தற்காலிகமாக மாற்றுகிறோம், ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும் என்று. மில் மேனேஜர் காங்கயத்தில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு செல்போனிலிருந்து பதில் போட்டிருந்தார்: "ஓகே சார், நோட்டட்." மில்லே மூடிக்கிடக்கும்போது கரண்ட் யாருக்குப் போனால் என்ன என்று அவர் நினைத்ததில் தவறு காண முடியவில்லை. ஆனால் பிறகு நடந்த வழக்கில் எதிர்த்தரப்பின் ஆவணக் கட்டில் அந்தப் பதில்தான் முதல் தாள்.

இன்னொன்றையும் அப்போது யாரும் யோசிக்கவில்லை. நிறுவனம் பயனாளிகளுக்குக் கொடுத்திருந்த பங்கு மொத்தம் சரியாக 26 சதவீதம். ஒரு பங்கு கூடுதல் இல்லை. விகிதத்தில் தவறிய இவரைக் கணக்கிலிருந்து எடுத்தால் மீதி 22. அத்தோடு மொத்தக் காற்றாலையும் கேப்டிவ் தகுதியை இழக்கிறது. எல்லாப் பங்குதாரர்களுக்கும் சர்சார்ஜ் கடிதம் போனது. பக்கத்து ஊர் மில்காரர் ஒருவர் இவரைப் போனில் கூப்பிட்டு, உன்னால்தான் என்று கத்தியிருக்கிறார்.

ஆண்டு முடிந்து மூன்று வருடம் ஏன் சும்மா இருந்தார்கள் என்று கேட்டால், அதற்குள் சட்டம் இரண்டு தடவை புரண்டு படுத்திருந்தது. 2020 ஜனவரியில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கேப்டிவ் தகுதியைச் சரிபார்க்க ஒரு நடைமுறை வகுத்தது. அதை எதிர்த்து மின் உற்பத்தியாளர் சங்கம் போன மேல்முறையீட்டில், தில்லியிலுள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஜூன் 7 அன்று தீர்ப்பளித்தது. மின் உற்பத்திக்கென்றே தொடங்கப்பட்ட கம்பெனியின் பங்குதாரர்களுக்கு விகிதாசாரக் கட்டுப்பாடு பொருந்தாது என்றது. கோவையில் அன்று பலர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். 2023 அக்டோபர் 9 அன்று தட்சிண் குஜராத் விஜ் கம்பெனிக்கும் காயத்ரி சக்தி பேப்பர் ஆலைக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. அத்தகைய கம்பெனியும் நபர்களின் கூட்டமைப்பு போலத்தான், ஒவ்வொரு பங்குதாரரும் தன் விகிதத்தைக் காக்க வேண்டும் என்றது. பழைய ஆண்டுகளின் கோப்புகள் மறுபடி திறந்தன.

கடிதத்தை எதிர்ப்பது ஒரு பாதை. அதை மற்றப் பங்குதாரர்களோடு சேர்ந்து தனியாக நடத்துகிறார்கள், இன்னும் நிலுவையில் இருக்கிறது. என்னிடம் வந்தது இன்னொரு கேள்வி: கட்டித்தான் ஆக வேண்டும் என்று முடிந்தால் யார் தலையில் விழும்? உற்பத்தி நிறுவனத்துக்கும் உரிமதாரருக்கும் தகராறு என்றால் 86(1)(f) பிரிவின்படி ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போக வேண்டும். இது நிறுவனத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலானது, ஒப்பந்தத்தில் நடுவர் ஷரத்து இருந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் நடுவராக வந்தார். நாங்கள் நிறுவனத்திடம் ஈடு கேட்டோம். அவர்கள் எதிர்க்கோரிக்கை வைத்தார்கள், மற்றப் பங்குதாரர்களின் இழப்பையும் இந்த மில்லே கட்ட வேண்டும் என்று. அதைப் படித்த இரவு கட்சிக்காரர் சாப்பிடவில்லை என்று அவர் மகன் சொன்னான்.

எதிர்த்தரப்பு மூத்த வழக்கறிஞரின் வாதம் பலமானது. 3(2)ஆம் விதி வெளிப்படையாகச் சொல்கிறது: குறைந்தபட்சப் பயன்பாட்டைக் காப்பது பயனாளிகளின் கடமை. சட்டமே மில்காரர் மேல் சுமத்திய கடமையை நிறுவனத்தின் மேல் எப்படித் தள்ளுவது? மேலும் ஒப்பந்தத்தில் சட்ட மாற்றம் பற்றி ஒரு ஷரத்து. சட்டம் மாறியோ, தகுதியுள்ள நீதிமன்றம் சட்டத்துக்குத் தரும் விளக்கம் மாறியோ கூடுதல் செலவு வந்தால் அது பயனாளியைச் சேரும். 2021 தீர்ப்பாயத் தீர்ப்பைத் திருப்பிப் போட்ட 2023 தீர்ப்பு விளக்க மாற்றம் இல்லாமல் வேறென்ன?

இந்த இரண்டாவது கேள்விக்குச் சட்டக் கல்லூரியில் ஒரு விடை சொல்வார்கள். நீதிமன்றம் புதிதாகச் சட்டம் செய்வதில்லை, ஏற்கெனவே இருக்கும் சட்டம் இதுதான் என்று அறிவிக்கிறது, ஆகவே 2005-இலிருந்தே அதுதான் சட்டம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விளக்க மாற்றம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு அந்தத் தத்துவத்தை மட்டும் நம்பி உள்ளே போவது ஆபத்து. நான் தேதியைப் பிடித்துக்கொண்டேன். விகிதம் தவறிய ஆண்டு 2021 மார்ச் 31-இல் முடிந்தது. நிறுவனம் சாய்ந்து நிற்கும் தீர்ப்பாயத் தீர்ப்பு அதற்குப் பிறகு, ஜூனில் வந்தது. யூனிட்டுகளை மாற்றிக் கொடுத்த நாட்களில், விகிதாசாரம் வேண்டாம் என்று சொல்லும் அந்தத் தீர்ப்பு கையில் கிடையாது. இல்லாத தீர்ப்பை நம்பி நடந்தேன் என்று ஒருவர் சொல்ல முடியுமா?

விதி 3(2) பயனாளியின் கடமை என்று சொல்வது உண்மைதான், ஆனால் அது அவருக்கும் விநியோக நிறுவனத்துக்கும் இடையில் உள்ள பேச்சு. இவருக்கும் காற்றாலை நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தில், கேப்டிவ் தகுதிக்கான கணக்கு, ஒதுக்கீடு, சான்றிதழ் எல்லாவற்றையும் நிறுவனமே கவனிக்கும் என்று ஒரு வரி இருந்தது. கவனிக்கக்கூடியவர்களும் அவர்கள்தான். மொத்த உற்பத்தி எவ்வளவு, மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்பது தெரியாமல் தன் சதவீதத்தை எந்த மில்காரரும் கணக்கிட முடியாது. இந்த எண்களைப் பங்குதாரர்களுக்கு நிறுவனம் அனுப்பியதே இல்லை.

அதனால்தான் மாதாந்திர ஒதுக்கீட்டுக் கணக்கைத் தாக்கல் செய்யச் சொல்லி மனுப் போட்டோம். வணிக ரகசியம் என்று எதிர்த்தார்கள். நடுவர் மற்றவர்களின் பெயரை மறைத்துவிட்டுக் கொடுக்கச் சொன்னார். வந்தது எக்செல் தாள்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு தாள். பயனாளி ஒன்று, இரண்டு என்று வரிசை. பீக் ஹவர் யூனிட், இரவு யூனிட், வீலிங் நஷ்டம், பேங்க் இருப்பு. வலது ஓரத்தில் ஒரு கட்டம், தலைப்பு "கேப்டிவ் செக்". உரிய விகிதத்துக்குள் இருந்தால் பச்சை, வெளியே போனால் சிவப்பு, தானாக மாறும்படி சூத்திரம் போட்டு வைத்திருந்தார்கள். நம்மவர் கட்டம் 2020 ஆகஸ்டிலிருந்து சிவப்பு. 2021 ஜனவரியிலும் சிவப்பு, பிப்ரவரியிலும் சிவப்பு. 2021 ஜூலைத் தாளில் அந்தக் கட்டமே இல்லை.

எரிசக்திக் கணக்கைப் பார்த்த அதிகாரி சாட்சியாக வந்தார். முப்பது வயதிருக்கும், நேர்மையான பையன். அந்தக் கட்டத்தை யார் போட்டது என்று கேட்டேன். தானே போட்டதாகச் சொன்னார். எதற்கு? ஆண்டு முடிவுக்குள் சரிசெய்ய. சிவப்பானதும் யாரிடமாவது சொன்னீர்களா? மேலதிகாரிக்கு அனுப்பினேன். மேலதிகாரி மில்லுக்குச் சொன்னாரா? தெரியாது. பிப்ரவரியில் இவர் பெயரில் பேங்க் இருப்பு எவ்வளவு? தாளைப் பார்த்துவிட்டு, பூஜ்யம் என்றார். 2021 ஜூலையில் கட்டத்தை எடுத்தது யார்? நான்தான், இனி தேவையில்லை என்று சொன்னார்கள். இதற்கு மேல் கேட்டால் கெட்டுவிடும் என்று உட்கார்ந்துவிட்டேன். இளம் வழக்கறிஞர்கள் இந்த இடத்தில்தான் இன்னொரு கேள்வி கேட்டு எல்லாவற்றையும் கொட்டிக்கவிழ்ப்பார்கள்.

எங்கள் மேனேஜரின் முறை வந்தபோது நிலைமை அவ்வளவு சுகமில்லை. மின்னஞ்சலைப் படித்தீர்களா? படித்தேன். புரிந்ததா? புரிந்தது. ஆட்சேபித்தீர்களா? இல்லை. பிறகு யூனிட்டைத் திருப்பிக் கேட்டீர்களா? அவர் கொஞ்சம் தயங்கி, "திருப்பிக் கேக்கலாம்னு எனக்குத் தெரியாதுங்கய்யா" என்றார். நடுவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். எந்தப் பக்கம் எழுதினார் என்று எனக்கு அன்று புரியவில்லை.

தீர்ப்பு இரு பக்கமும் கொஞ்சம் வெட்டியது. 2023 தீர்ப்பு அந்த ஷரத்தின்படி விளக்க மாற்றம்தான் என்று நடுவர் ஏற்றுக்கொண்டார். அந்த இடத்தில் நாங்கள் தோற்றோம். ஆனால் தன் கையால் விகிதத்தைக் கெடுத்து, கெட்டது தெரிந்தும் சொல்லாமல் இருந்தவர் அந்த ஷரத்தின் பின்னால் ஒளிய முடியாது என்றார். மேனேஜரின் சம்மதத்தையும் ஒதுக்கவில்லை. தற்காலிக மாற்றத்துக்குத் தந்த சம்மதம் ஆண்டு முழுவதற்குமான சம்மதம் ஆகாது, இருந்தாலும் ஒரு பங்குதாரர் அக்டோபரிலாவது கேட்டிருக்க வேண்டும் என்றார். சர்சார்ஜ் இறுதியாக எவ்வளவு நிற்கிறதோ அதில் மூன்றில் இரண்டு பங்கு நிறுவனத்துக்கு, ஒரு பங்கு மில்லுக்கு. மற்றப் பங்குதாரர்களின் இழப்பைக் கேட்ட எதிர்க்கோரிக்கை தள்ளுபடி. 26-க்கு மேல் ஒரு பங்குகூட வைக்காமல் இந்தக் கூட்டு ஏற்பாட்டைக் கட்டியது யார் என்ற ஒரே கேள்வியோடு அதை முடித்துவிட்டார்.

எனக்கு இன்றும் ஒரு விஷயம் உறுத்துகிறது. நூற்றுக்கணக்கான பக்க ஆவணங்களில் கரியமில வாயு என்ற சொல் ஒரே இடத்தில்தான் வந்தது, நிறுவனத்தின் விளம்பரக் கையேட்டில். திருப்பூர்ப் பின்னலாடைக்காரர்களிடம் வெளிநாட்டு வியாபாரிகள் நூல் எந்த மின்சாரத்தில் நூற்றது என்று கேட்கிறார்கள், அவர்கள் இவரைக் கேட்கிறார்கள். காற்றில் நூற்றது என்று இவர் எழுதிக் கொடுத்தார். அது உண்மை. கேப்டிவ் தகுதி போன பிறகும் அது உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்கு நம் கட்டண முறையில் பெரிதாக மதிப்பில்லை. உரிமையாளர் என்ற வேடத்துக்குத்தான் மதிப்பு. 2022 ஜூனில் மத்திய அரசு கொண்டுவந்த பசுமை ஓப்பன் ஆக்சஸ் விதிகள், 100 கிலோவாட்டோ அதற்கு மேலோ எடுப்பவர் யாரும் பங்கு வாங்காமலே பசுமை மின்சாரம் வாங்கலாம் என்கின்றன, சர்சார்ஜ் ஏறுவதற்கும் ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. வேடம் போடாமல் வாங்க அது ஒரு வழி. இருந்தும் சர்சார்ஜே இல்லாத கேப்டிவ் பக்கம்தான் இன்னும் கூட்டம்.

கட்சிக்காரர் விலகிவிட்டார். பங்குக்குத் திரும்பக் கிடைத்த பணத்தில் கோடவுன் கூரையில் சோலார் போட்டார். "அது முழுசா நம்முளுதுங்க, யார்கிட்டயும் சதவீதம் கேக்க வேண்டியதில்ல" என்றார். ஆனால் அவர் 4 சதவீதத்தை வாங்க இன்னொருவர் வரும்வரை நிறுவனம் அவரை விடவில்லை, விட்டால் 26 உடையும். கடைசியில் வாங்க வந்தவர், அன்று போனில் கத்திய அதே பக்கத்து ஊர் மில்காரரின் தம்பி. ஒப்பந்த வரைவை என்னிடம் படிக்கக் கொடுத்தார். சட்ட மாற்ற ஷரத்தின் பின்பாதியை அடித்துவிட்டு, ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் எல்லாப் பங்குதாரருக்கும் விகிதக் கணக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். நிறுவனம் இரண்டாவதை ஏற்றுக்கொண்டது, முதலாவதை ஏற்கவில்லை. யூனிட்டுக்கு எவ்வளவு மிச்சம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.